மேற்படி சொத்துக்குள்

பத்திரம் பதிவான வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து கண்ணாடிக்கடைக்காரரின் மகளால் தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் தடுக்கவில்லை. அவள் வலது காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைப்பாள்; அந்தக் கால் கூடத்தில் வந்து ஊன்றும். பத்தடி வெளியே நடந்தால் பத்தடி உள்ளே வந்திருப்பாள். மறுநாள் காலை அவளுடைய தம்பியும் பக்கத்து லாண்டரிக்காரரும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இறங்கியதும் நாற்காலி கனமில்லாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்வாசல், சன்னல், மொட்டைமாடியிலிருந்து ஏணி என்று எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. மூன்று நாள் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. நான்காம் நாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உடம்புதான் முப்பத்தெட்டு; மனசு ஏழோ எட்டோ ஆனபோதே நடையை நிறுத்திவிட்டது. எல்லோரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு லாண்டரிக்குப் போய்ச் சட்டைகளை மடித்துக் கொடுப்பாள். அவள் மடித்த சட்டையைப் பிரிக்க மனசு வராது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஒரு மணிக்கு அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த கடைக்கு நடப்பாள். வழியில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நின்று, தூக்கைத் திறந்து, இன்றைக்கு என்ன என்று காட்டிவிட்டுத்தான் நகர்வாள். அதனால் கண்ணாடிக்கடைக்காரர் எந்த நாளும் சூடாகச் சாப்பிட்டதில்லை. அதை ஒரு குறையாக அவர் சொன்னதும் இல்லை.

அவருக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தபோது டாக்டர் நாள் குறித்துவிட்டார். தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நேராகப் பதிவு அலுவலகத்து வாசலுக்கு வந்தார். அங்கே நகலெடுக்கும் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர் வைத்துக்கொண்டு பத்திரம் எழுதும் அம்மாள் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகாதவர். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டு மறுபடி அச்செடுப்பார். அதனால் பதிவாளர் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை அவரைக் காற்புள்ளி என்றுதான் குறிப்பிடுவார்கள். அது கேலியாகத் தொடங்கி மரியாதையாக முடிந்த பெயர்.

“உயில் வேண்டாம்மா,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “உயில்னா நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான். நான் இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் போட்டுடணும். வீடும் கடையும் அதுக்குள்ள. கடை வாடகையில அவ சாப்பிடணும், அந்த வீட்டுல அவ இருக்கணும். யாரும் அவளை வெளிய போன்னு சொல்லக் கூடாது. நானே மனசு மாறினாலும் ரத்து பண்ண முடியாதபடி எழுதுங்க.”

அறங்காவலர்கள் இருவர் வேண்டும். ஒருவர் அவருடைய மகன், பாப்பாவின் தம்பி. பின்பக்கத் தெருவில் அப்பா ஏற்கெனவே பிரித்துக் கொடுத்த வீட்டில் மனைவியோடு இருந்தான். இரண்டாவது ஆளுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில், “நீங்களே இருந்துடுங்களேன். உங்களைவிடக் கணக்கா இருக்கிற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றார். எழுதுகிறவர் தானே பொறுப்பேற்பது வழக்கமில்லை. ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் காற்புள்ளியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. பதிவாளர் கேட்ட கேள்விகளுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் பதில் சொன்னார், படம் எடுத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டுக் கைரேகை வைத்தார். மகன் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டான். மூன்றரை மணிக்கு முத்திரை விழுந்தது. வீட்டில் பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவை எதிர்கொள்ளப் புறப்பட்டது அப்போதுதான்.

விஷயம் சனிக்கிழமை முற்பகலில் காற்புள்ளியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. லாண்டரிக்காரர் நாற்காலிக் கதையைச் சொன்னதும் அவர் கணினியைத் திறந்து நகலைப் படித்தார். ஐந்தாவது பத்தியில் இருந்தது. ‘பயனாளி தம் ஆயுள் முழுவதும் மேற்படி சொத்துக்குள்ளேயே இருந்து வர வேண்டியது.’ இருந்து வரலாம் என்று இருக்க வேண்டிய இடம். இருபத்தெட்டு வருடமாக ஆண்டு அனுபவித்து வர வேண்டியது, வரி செலுத்தி வர வேண்டியது என்று அடித்து அடித்துப் பழகிய விரல்கள், கேட்காமலே அந்த வார்த்தையைப் போட்டுவிட்டன. வீடு பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டுச் சொன்னபடி செய்துகொண்டிருந்தது.

அன்றைக்கே எழுந்து போயிருக்கலாம். கண்ணாடிக்கடைக்காரர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பிழைத்திருத்தப் பத்திரம், இரண்டு பக்கம், அரைமணி நேர வேலை. ஆனால் காற்புள்ளி கணினியை மூடினார். வீட்டுக்குப் போய்ப் படுத்தார். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. அந்தப் பெண்ணுக்கே ஏதாவது கோளாறாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். உண்மையில் அவருக்கு இருந்தது வெட்கம். பிழையே வராத கை என்பதைத் தவிர அந்த ஊரில் அவருக்கென்று வேறொன்றும் இல்லை. புதன்கிழமை கண்ணாடிக்கடைக்காரரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை காற்புள்ளி போய்க் கட்டிலருகே நின்று, “ஒரே ஒரு வார்த்தை திருத்தணும்,” என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “பாப்பா வரவே இல்லம்மா,” என்றார். “வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடறாளாம். என்னைப் பார்க்கணும்னு அழறாளாம். எந்த வார்த்தையா இருந்தாலும் மாத்திடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

படுத்த படுக்கையாக இருப்பவரின் கையெழுத்துக்குப் பதிவாளரே நேரில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை வருவதாகப் பதிவாளர் தேதி போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கண்ணாடிக்கடைக்காரர் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது பாப்பா அவர் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள். எடுத்துக்கொண்டு போகும்போது அவளும் கூடவே நடந்தாள். எல்லோரும் தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவள் வேகவேகமாகக் கூடத்துக்குள் நடந்துகொண்டே இருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு நீதிமன்றம். அறங்காவலர் என்ற முறையில் காற்புள்ளியே ஐந்தாவது பத்தியை மாற்றித் தரக் கோரி மனுப் போட்டார். ஐந்தாம் ஆண்டு விசாரணைக்கு வந்தது. நீதிபதி பொறுமையானவர், ஆளனுப்பி வாசற்படியைச் சோதித்து அறிக்கையும் வாங்கியிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த வார்த்தை எழுத்துப் பிழையா, நிறுவியவரின் விருப்பமா? பிழை என்று சொன்னால் போதும், திருத்தச் சொல்லி உத்தரவு கிடைத்திருக்கும். கூடவே பத்திரம் எழுதுவதற்கான அவருடைய உரிமமும் போயிருக்கும். அன்றைக்கு நீதிமன்றத்தில் பதிவு அலுவலகத்து ஆட்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியும் தலையைக் குனிந்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தான். காற்புள்ளி, “அவர் சொன்னபடிதான் எழுதினேன்,” என்றார். ஆவணம் தெளிவாக இருக்கிறது, வீடும் அதற்குக் கட்டுப்பட்டே நடக்கிறது, நீதிமன்றம் தலையிட இதில் ஒன்றும் இல்லை என்று நீதிபதி எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்.

அதுவரை பாப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதமே காற்புள்ளி தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் பாப்பாவின் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார். ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. அவர் மறுக்கவில்லை. பாப்பாவுக்குத் தலை வாரினார், நகம் வெட்டினார், சாப்பிட மறுத்த நாள்களில் கெஞ்சினார். பாப்பா தினமும் ஒரு மணிக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் திறந்து காட்டுவாள். நின்று பார்த்தவர்களும் உண்டு, பார்க்காத மாதிரி போனவர்களும் உண்டு. ஏழாம் ஆண்டு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். தூக்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைக்குப் புது வாடகைதாரர் வந்தபோது பத்திரத்தை மறுபடி படிக்க நேர்ந்தது. எட்டாவது பத்தியில் எல்லா அறக்கட்டளைப் பத்திரத்திலும் கிடக்கிற ஒரு வரி கிடந்தது: பிறர் தானமாகத் தரும் சொத்துகளை அறங்காவலர்கள் ஏற்கலாம், ஏற்றபின் அவையும் மேற்படி சொத்தில் அடங்கும். காற்புள்ளி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து லாண்டரிக்குப் போனார். லாண்டரிக்காரருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. “பொதுச் சுவரை இடிச்சுட்டா ரெண்டடி அகலத்துல என் கடைக்குள்ள ஒரு துண்டு. அவ்வளவுதானே? எழுதுங்க,” என்றார். சர்வேயர் வந்து நாடா பிடித்து அளந்தார். பதிவான அன்று மாலை பாப்பா எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே வந்து, அந்த இரண்டடிக்குள் நின்றபடியே பதினெட்டுச் சட்டை மடித்தாள். கை தவறி ஒரு சட்டை கோட்டுக்கு அப்பால் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளின் கை வீட்டுக் கூடத்துத் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. மற்றபடி எல்லாம் நல்லபடியாக நடந்தது.

தெரு அரசாங்கத்துடையது, அதை யாரும் தானம் எழுத முடியாது. அதனால் வழி கொல்லைப்புறமாகவே போயிற்று. லாண்டரியை அடுத்த தச்சுப்பட்டறைக்காரர் தன் கொட்டகையில் ஒரு கீற்றுக் கொடுத்தார். அதற்கடுத்த மாவு மில்காரி இரண்டு வருடம் யோசித்தாள். ஒருதரம் உள்ளே போன நிலம் இனி வெளியே வராது, மகள் கல்யாணத்துக்கு விற்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பிறகு ஒருநாள் பாப்பா பட்டறைக் கோடியில் வந்து நின்று, மில் சுற்றுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவளும் கொடுத்தாள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் தம்பி இன்னொரு அறங்காவலராகக் கையெழுத்துப் போட்டான். மேசைக்கு வருவான், போடுவான், போவான். அப்பா போன பிறகு அக்காளை வந்து பார்த்ததே இல்லை. அவனுடைய மனைவிதான் அவ்வப்போது ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு தலைகாட்டுவாள்.

பதினான்காம் ஆண்டு பாப்பாவின் வயிறு உப்பத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் உள்ளே கட்டி என்றார், உடனே திறந்தாக வேண்டும், கூடத்தில் வைத்துச் செய்கிற வேலையில்லை என்றார். மருத்துவமனை பின்பக்கத் தெருவில் இருந்தது. அதை நடத்துவதும் ஒரு தர்ம டிரஸ்ட்தான்; அவர்களுக்குப் பத்திர மொழி புரியும். ஐந்தே நாளில் தீர்மானம் போட்டுப் பின்கதவிலிருந்து அறுவை மேசை வரை இரண்டடி அகலத்தை எழுதிக் கொடுத்தார்கள். மில்லின் பின்சுவருக்கும் மருத்துவமனையின் பின்கதவுக்கும் இடையே மிச்சமிருந்தது பதினோரு அடி. அது தம்பியின் சமையலறை. அவன் வீட்டின் மற்றப் பக்கமெல்லாம் தெரு. வேறு வழி கிடையாது.

காற்புள்ளி காலையிலேயே போனார். தம்பியின் மனைவி அடுப்பருகே நின்றாள். அவன் உட்காரச் சொல்லவில்லை.

“எங்கப்பா எனக்குன்னு கொடுத்தது இந்த ஒரு இடம்,” என்றான். “மத்த எல்லாம் அவளுக்கு. இப்ப சமையல்கட்டையும் அவளுக்கே எழுதணுமா? நாளைக்குப் படுக்கையறையைக் கேப்பீங்க.”

“தம்பி, அவ வலியில துடிக்கிறா.”

“நான் என்ன செய்யட்டும்? வெளிய வரக் கூடாதுன்னு எழுதினது அவரு.”

பதினான்கு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததைக் காற்புள்ளி அப்போதுதான் திறந்தார். சுற்றி வளைக்கவில்லை. “அவர் எழுதல. நான் எழுதினேன். கை தவறி விழுந்த வார்த்தை அது. பதிவான மறுநாளே எனக்குத் தெரியும். அஞ்சு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கோர்ட்டுலயும் பொய் சொன்னேன். அப்பா உன் அக்காவை உள்ள வைக்கணும்னு ஒரு நாளும் நினைச்சவர் இல்ல.”

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. மனைவி அதை அணைக்கவில்லை. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பத்திரம் போடறதுக்கு முந்தின வாரம் நான் அப்பாகிட்ட சண்டை போட்டேன்,” என்றான் மெதுவாக. “இவ தெருத்தெருவா அலையறா, ஊரே சிரிக்குது, வீட்டோட போட்டு வைங்கன்னு கத்தினேன். எனக்காகத்தான் அப்படி எழுதிட்டார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பதினாலு வருஷம். என் பேச்சாலதான் அவ உள்ள கிடக்கறான்னு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிப்பேன்?” பிறகு குரல் மாறியது. “எழுந்து போங்க. என் வாசலை மிதிக்காதீங்க.”

அவர் உட்காரவே இல்லை, எழுவதற்கும் ஒன்றுமில்லை. திரும்பி நடந்தார்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. பாப்பா கத்தக் கத்தக் காற்புள்ளி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பத்து மணிக்கு மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி காற்புள்ளியின் மேசை முன்னால் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். “எழுதுங்க. இந்தத் தடவை நான் பக்கத்துல உட்கார்ந்து படிக்கறேன்,” என்றான். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து உரக்கப் படித்தான். அந்த வார்த்தை எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் நிறுத்தி, இது எதற்கு என்று கேட்டான். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதினொன்றரைக்கு உள்ளே போனால் சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு மணிக்கு வரும் என்றார்கள், மூன்றுக்கு என்றார்கள். பதிவாளர் வெளியே வந்து, “நான் என்னம்மா செய்யட்டும், என் கையிலயா இருக்கு?” என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போனார். நாலு பத்துக்கு முத்திரை விழுந்தது.

இரண்டடி அகலத்துக்குள் மருத்துவமனை ஸ்ட்ரெச்சர் நுழையாது. அதனால் தச்சர் ஒரு ஒடுங்கிய பலகைக்கு நான்கு பிடி வைத்துத் தயாராக வைத்திருந்தார். முன்னால் தம்பி, பின்னால் தச்சர். கிழவராகிவிட்ட லாண்டரிக்காரர் தொங்குகிற துணிகளை விலக்கிக்கொண்டு முன்னே நடந்தார். பட்டறையில் மரத்தூளைப் பெருக்கி வைத்திருந்தார்கள். மில்காரி இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். மில்லின் பின்சுவரில் அன்று மதியமே துளைத்த வழியாகக் குனிந்து நுழைந்து, தம்பியின் சமையலறைக்குள் வந்தபோது பாப்பா கண்ணைத் திறந்தாள். அலமாரியைப் பார்த்தாள், பாத்திரங்களைப் பார்த்தாள், தலைமாட்டில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“தம்பி வீடு,” என்றாள். “தம்பி, தண்ணி.”

அறுவைக்கு முன் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி பலகையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கரண்டி தண்ணீரை அவள் உதட்டில் விட்டான். அவள் அதை விழுங்கினாள். இன்னும் வேண்டும் என்பதுபோல வாயைத் திறந்தாள். அந்த வாய் அப்படியே இருந்துவிட்டது. மருத்துவமனைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் ஆறடி தள்ளி நின்றிருந்தாள். அவள் உள்ளே வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமலே போனாள்.

பத்திரத்தின் கடைசிப் பத்தியை அதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. பயனாளியின் காலத்துக்குப் பின் மேற்படி சொத்து முழுவதும் நோயுற்ற எளியோரின் பயனுக்குத் தடையின்றி இருந்து வர வேண்டியது என்று கண்ணாடிக்கடைக்காரர் எழுதச் சொல்லியிருந்தார். ஒருநாள் காலை, காய்ச்சலடிக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பாப்பாவின் வீட்டுக்குள் நுழைந்து, யாரையும் ஒன்றும் கேட்காமல் லாண்டரி, பட்டறை, மில், சமையலறை என்று நடந்து டாக்டர் முன்னால் போய் நின்றாள். யார் சொல்லி வந்தாள் என்று கேட்டபோது, வாசல் திறந்திருந்தது என்றாள். தம்பி முதல் வாரம் தன் சமையலறை வழியில் ஒரு கதவு போட்டுப் பூட்டினான். பூட்டுக் கையோடு வந்தது, கதவு தானாக ஒதுங்கிக்கொண்டது. இரண்டாவது பூட்டை அவன் வாங்கவில்லை. நோய் இல்லாதவர்கள் குறுக்கு வழிக்காக நுழைந்து பார்த்தார்கள். அவர்கள் எத்தனை நடந்தும் புறப்பட்ட தெருவிலேயே இருந்தார்கள். மில்காரியின் மகளுக்கு நிலத்தை விற்காமலே கல்யாணம் நடந்தது.

காற்புள்ளி தன் குற்றத்தை நான்கு பக்கத்தில் எழுதி உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு அனுப்பினார். காலம் கடந்துவிட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது என்று ஏழு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுத்து வேலையை விட்டுவிட்டார். பின்னறையிலேயே இருந்தார். வருகிறவர்களுக்குக் கூடத்தில் தண்ணீர் வைத்தார், நடக்க முடியாதவர்களைக் கைப்பிடித்து லாண்டரி எல்லை வரை கொண்டு விட்டார். அதற்கு அப்பால் அவரால் போக முடியவில்லை. அவருக்குத்தான் நோய் ஒன்றும் இல்லையே.

அறுபத்தொன்பதாம் வயதில் அவருக்குக் காலிரண்டும் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், சுவரைப் பிடித்தபடி லாண்டரி எல்லை வரை போய், ஒரு கணம் நின்று, காலைத் தூக்கி வைத்தார். கால் லாண்டரிக்குள் ஊன்றியது. பட்டறையைத் தாண்டினார், மில்லைத் தாண்டினார். சமையலறையில் தம்பியின் மனைவி வாணலியை மூடி ஒரு பக்கம் நகர்த்தி வைத்தாள். யார் வந்தாலும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள்: “தலையைக் குனிஞ்சு வாங்க, மேல அலமாரி இருக்கு.” காற்புள்ளி குனிந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. வழியில் நீட்டியிருந்த காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டான்.